மூடியிருந்த ஜன்னல்

இரவு மழையில் படுக்கை நனைந்துபோன எங்கள் கேம்பர் வேனை ஜொகூரில் நிறுத்திவிட்டு, நானும் மனைவி கலாவும் பேருந்தில் எல்லை தாண்டி சிங்கப்பூரின் ஜாலான் புசாருக்கு வந்திருக்கிறோம். வேனின் இழுத்து மூடும் ஜன்னலுக்கு ரப்பர் பட்டை வாங்க வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் ஆணிப் பெட்டிகளுக்கும் தொங்கும் குழாய்களுக்கும் நடுவே ஒடுங்கித்தான் நிற்க முடிகிறது. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி அணிந்த தமிழர்.

"எங்க ஒழுகுது அண்ணே? போட்டோ ஏதும் இருக்கா?"

காலையில் ஈர மெத்தையையும் ஜன்னலையும் எடுத்த வீடியோவைப் போட்டு, போனை அவரிடம் நீட்டுகிறேன். அதிலிருந்து என் குரல் கடை முழுக்கக் கேட்கிறது.

"ஒரு ஜன்னலைக்கூட ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு? அறிவு இருக்கா?"

பெயிண்ட் வாங்க வந்த இருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். கலா தலையைக் குனிந்துகொள்கிறாள். கடைக்காரர் சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்குகிறார்.

"ஜன்னல் மூடித்தான் இருக்கு லா. கொக்கியும் போட்டிருக்கு. ரப்பர்தான் வெடிச்சுப்போச்சு, அக்கா."

அதை என்னிடம் சொல்லவில்லை, கலாவிடம் சொல்கிறார். பட்டையின் அளவையும் அவளிடமே கேட்கிறார். அவள் மெல்லிய குரலில் பதில் சொல்கிறாள். எனக்குக் காது மடல் வரை சுடுகிறது. போனைத் திருப்பி வாங்கக்கூடக் கை நீளவில்லை.

வெளியே நடைபாதைக்கு வந்ததும், "மன்னிச்சிடு கலா. நான் பேசினதைக் கேக்க எனக்கே அசிங்கமா இருந்துச்சு" என்கிறேன்.

அவள் ரப்பர் சுருளைப் பைக்குள் வைக்கிறாள்.

"நான் தினமும் கேக்குற குரல்தாங்க அது. நீங்க இன்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க."