வாடி கழற்றிய இடத்தில் ஒரு நாய்

நாய் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்படிச் சொல்லாமல் வருகிறவர்களையும் நம்புவதில்லை. மாம்புரிப் பக்கம் ஒரு தென்னங்காணிக்குள் இருக்கும் பிராணிகள் காப்பகத்தில் சனி, ஞாயிறுகளில் நான் செய்யும் தொண்டே இந்த நம்பாமைதான். மற்றவர்கள் குளிப்பாட்டுவார்கள், உண்ணி பொறுக்குவார்கள், மீன்தலை போட்டுச் சோறு காய்ச்சுவார்கள். நானும் இவற்றைச் செய்வதுண்டு. ஆனால் யாராவது நாய் கேட்டு வந்தால், காப்பகத்தை நடத்தும் மிருக வைத்தியர் என்னைத்தான் கூப்பிடுவார். "நீங்க கொஞ்சம் கதைச்சுப் பாருங்க மிஸ்" என்பார். நான் கதைப்பது என்றால் வந்தவருக்கு வியர்க்கும்.

தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார், அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்று திரும்பி வந்த கடிதங்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவளுக்கு, ஒருவர் படிவத்தில் எழுதித் தரும் முகவரியில் எப்படி நம்பிக்கை வரும்? ஆகவே வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். சொல்லாமல் போவேன். மதில் இருக்கிறதா, நாயை எந்நேரமும் கட்டியே வைப்பார்களா, விசர்நாய் ஊசியை வருடா வருடம் யார் கொண்டுபோய்ப் போடுவது, வீட்டில் எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போனால் சோறு வைப்பது யார், எல்லாம் கேட்பேன். ஒருமுறை ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு மதிலையும் கேற்றையும் தங்களுடையது என்று காட்டியது. கேற்றைத் திறந்து காட்டுங்கள் என்றேன். திறப்பைத் தேடுகிறோம் என்று உள்ளே போனவர்கள் வெளியே வரவேயில்லை.

மீன்பிடிக்காரர் வந்தால் இன்னொரு கேள்வியும் கேட்பேன். வாடி கழற்றும்போது நாயை என்ன செய்வீர்கள்?

இந்தக் கரையில் பாதிப் பேர் வருடத்தில் பாதி நாள் வாடியில் இருப்பவர்கள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சிலாபத்துப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து, கடற்கரையில் தென்னோலைக் கிடுகால் குடில் போட்டுத் தங்குவார்கள். அதுதான் வாடி. கருவாடு காயப்போட்டால் காகமும் வரும், கள்ளனும் வருவான். அதற்கொரு நாய் வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்ப முன்னர் வாடியைக் கழற்றி, கிடுகு, கம்பு, சட்டிபானை, பெண்கள், பிள்ளைகள் எல்லாம் லொறியில் போய்விடும். அதன் பிறகு கரையில் மிஞ்சுவது கருவாட்டு மணமும் நாய்களும்தான். ஒவ்வொரு வருடமும் அந்த நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டு வருவோம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் வாடிக்காரர் பிள்ளை. பத்து வயதில் எங்களிடம் கறுப்பு நாய் ஒன்று இருந்தது. நான்கு காலிலும் வெள்ளை. வாடி கழற்றிய அன்று அதை லொறியில் ஏற்ற இடமில்லை என்றார்கள். "அழாத மகள், நான் பின்னுக்குப் படகில கொண்டாறன்" என்றார் அப்பா. இரண்டு நாள் கழித்து அப்பாவின் படகு எங்கள் ஊர்க் கரைக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் ஓடிப் போய் நின்றேன். வலையை இறக்கினார், நங்கூரத்தை இறக்கினார், ஓர் அலுமினியச் சட்டியை இறக்கினார். சட்டிக்குள் ஒரு கல் கிடந்தது. நாய் இல்லை. "போய்ப் பார்த்தன், காணல்ல" என்றார். கல்லைக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு நாயைக் கொண்டுவரத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அப்பா எதைச் சொன்னாலும், அவர் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவருக்கும் அது தெரியும். அவர் சாகும்வரை அப்படித்தான் இருந்தோம்.

போன வருடம் வாடிகள் கழற்றிய வாரம், ஒரு சனிக்கிழமை காலை, கடற்கரைக்கு நாய் தேடிப் போனேன். எப்போதும் போல ஓட்டோக்காரர்தான் கூட்டிப் போனார். கற்பிட்டி இறைச்சிக்கடையிலிருந்து காப்பகத்துக்கு எலும்பு ஏற்றி வரும் முஸ்லிம் மனிதர் அவர். நாயை ஏற்ற வேறு ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். இவர் பின் சீற்றில் சாக்கை விரித்து ஏற்றுவார், பிறகு வண்டியைக் கழுவிக்கொள்வார். இவ்வளவு நல்லவராக இருக்க என்ன காரணம் என்று முதல் ஆறு மாதம் அவரையும் சந்தேகித்தேன்.

வாடி இருந்த இடத்தில் கம்பு நட்ட குழிகள் மட்டும் இருந்தன. அவற்றின் நடுவில் செம்பு நிறப் பெட்டை நாய் ஒன்று, குடில் இன்னும் தலைக்குமேல் இருப்பதுபோலப் படுத்திருந்தது. பக்கத்தில் பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்டிக் கான், அதில் தண்ணீர், காற்றுக்குக் கவிழாமல் உள்ளே ஒரு கல். ஒரு கிடுகுத் துண்டின் கீழே இரண்டு மீன்.

"மிஸ், தண்ணி வெச்சிரிக்கி பாருங்க. வுட்டுட்டுப் போறவன் தண்ணி வெப்பானா? ஆரோ வருவாங்க போலிரிக்கி" என்றார் ஓட்டோக்காரர்.

"மனச்சாட்சி குத்தியிருக்கும், அதான் வச்சிருக்கான். நீங்க சாக்கை விரிங்க" என்றேன்.

நாய் லேசில் வரவில்லை. நான்கு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டது. தூக்கித்தான் ஏற்றினோம். கானை அங்கேயே விட்டுவிட்டேன். கொண்டு போனவர் யார் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட வைக்கவில்லை. நாயை எறிந்துவிட்டுப் போனவனுக்கு எதற்குக் கடிதம்?

காப்பகத்தில் அது தட்டில் வைத்த எதையும் தின்னவில்லை. மீனை மணலில் போட்டால் மட்டும் எடுத்தது. மற்ற நாய்கள் கேற்றுக்கு ஆள் வந்தால் ஓடும். இது கடல் பக்கத்து வேலியடியில் படுத்தே கிடந்தது. இதை விட்டுப்போன மகராசன் என் கையில் ஒருநாள் கிடைக்கமாட்டானா என்று ஊசி போட்ட வைத்தியரிடம் சொன்னேன். "இதுக்கு முந்தியே ஆரோ கருத்தடை செய்திருக்கினம், தையல் அடையாளம் இருக்கு" என்றார் அவர். அதையும் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலாவது ஞாயிறு, மகராசன் கிடைத்தான்.

நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், கையில் ஒரு ஷொப்பிங் பை. கேற்றுக்கு வெளியே நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவுதான். வேலியடியில் கிடந்தது எழும்பி வந்த வேகத்தில் தண்ணீர் வாளி இரண்டு கவிழ்ந்தது. கேற்றுக் கம்பிக்குள்ளால் அவன் கையை நக்கி, மூத்திரம் பெய்து, ஊளையிட்டு, காப்பகத்து நாய்கள் எல்லாவற்றையும் குரைக்க வைத்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் கண் கலங்கியது. எனக்கு மட்டும் கோபம் ஏறியது. எறிந்துவிட்டுப் போனவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"விட்டுட்டுப் போகேக்க இந்தப் பாசம் எங்க போனது?" என்று கேட்டேன்.

"நான் விட்டுட்டுப் போகல்ல அக்கா. சாமான் லொறியில போனது. நாய் போட்லதான் வாறது எப்பவும். புறப்படுற நேரம் எஞ்சின் பழுதாகி, கற்பிட்டிக்குக் கொண்டு போய்ச் செய்ய ரெண்டு நாளாப் போச்சு. இவள் அந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டன் எண்டுட்டாள். வந்து ஏத்துவம் எண்டு தண்ணி வச்சிட்டுப் போனன். ஞாயித்துக்கிழம வந்து பாக்கிறன், இவள் இல்ல. கரையெல்லாம் விசாரிச்சு இண்டைக்குத்தான் இந்த இடம் தெரிஞ்சது."

போய்ப் பார்த்தன், காணல்ல. அதே கதை. ஐம்பது வருடத்துக்குப் பிறகு வேறொரு வாயிலிருந்து வருகிறது. இந்தக் கதையை இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்களா என்றே தோன்றியது. ஷொப்பிங் பைக்குள்ளிருந்து ஊசி போட்ட அட்டையை எடுத்துக் காட்டினான். "செம்பு நிறப் பெட்டை எண்டுதான் எழுதியிருக்கு. இந்த மாவட்டத்தில பாதி நாய் அப்பிடித்தான்" என்று திருப்பிக் கொடுத்தேன். வீட்டைப் பார்க்காமல் தரமாட்டேன் என்று முகவரியை எழுதி வாங்கினேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டான். அதைச் சொன்னால் பிறகு என்ன சோதனை?

அவன் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். நாய் கேற்றடியில் மாலைவரை நின்றது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அது என்னைப் பார்க்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை பாலாவியில் பஸ் மாறி, உடப்புக்குத் திரும்பும் சந்தியும் தாண்டி, சிலாபத்துக்கு முன்னரே இறங்கினேன். அவன் வீட்டுக்கு நேரே போகாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு, மெல்ல வாயைப் பிடுங்கினேன். பிடுங்கவே தேவையில்லை, கொட்டினாள்.

"அந்த மனிசனா? நாயைத் தேடி ஞாயிறு பூசைக்கும் வாறேல்ல. விடிய பஸ் ஏறி வாடிப் பக்கம் போயிடுவான். பாதரும் ஏசினவர். நாய்க்குப் பைத்தியமா, இவனுக்குப் பைத்தியமா எண்டு ஊரே சிரிக்குது."

அவளையும் அவனே ஏற்பாடு செய்திருப்பானோ என்று நினைத்தேன். அந்த அளவில் இருந்தது என் புத்தி. வீட்டில் அவன் இல்லை. வேலி ஒழுங்காக இருந்தது. மனைவி வெறுந்தேத்தண்ணி தந்தாள். நானும் வாடிக்காரர் பிள்ளைதான் என்று கதையோடு கதையாகச் சொன்னேன். குடித்துவிட்டு, படகைப் பார்க்கவேண்டும் என்றேன். நாய்க்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காமல் கரைக்குக் கூட்டிப் போனாள்.

சோளகத்துக்குப் பயந்து படகை மேலே இழுத்து வைத்திருந்தார்கள். முன்பக்கத்து மூலையில் ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றிப் படகின் பைபர் சுவரில் நகம் கீறிய கோடுகள். பழையதும் புதியதுமாக, ஒன்றின்மேல் ஒன்று. ஒரு பயணத்தில் விழுகிற கீறல்கள் அல்ல அவை. எட்டிப் பார்த்தேன். சாக்குக்குப் பின்னால் பாதியாக வெட்டிய நீலக் கான் இருந்தது. அதற்குள் அதே கல்.

"இதை என்னத்துக்கு வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு நாயில்லாம வந்தவர், இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். எறியச் சொன்னன். அவள் குடிச்ச சட்டி, கிடக்கட்டும் எண்டார். உங்கட அப்பா வழியும் கடல்தானே அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே. லொறி போனாப் பிறகு போட் வரும்வரைக்கும் நாயை இருத்திட்டுப் போறதெண்டா, எங்கட ஆக்கள் இப்பிடித்தானே கல்லுப் போட்டுத் தண்ணி வைக்கிறது."

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். லொறி முதலில் போகும், படகு கடைசியில் போகும் என்பது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எறிந்துவிட்டுப் போகிறவன் கல் தேடிப் போட்டுத் தண்ணீர் வைக்கமாட்டான். மணல் கரையில் கல் கிடைக்காது, படகிலிருந்துதான் எடுத்து வந்திருக்கவேண்டும். ஓட்டோக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னதை, வாடியில் வளர்ந்த நான் பார்க்க மறுத்தேன். அந்த நாயை யாரும் கைவிடவில்லை. நான்தான் களவெடுத்தேன்.

ஞாயிறு ஓட்டோவில் நாயை நாங்களே கொண்டு போய்க் கொடுத்தோம். வண்டி நிற்க முன்னரே அது குதித்துவிட்டது. அவன் மணலில் முழங்காலில் இருந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோதே சொன்னேன், பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வராது.

"தம்பி, அண்டைக்கு அதைத் தூக்கினது நான்தான். தண்ணி வச்சிருந்ததைக் கண்டும் தூக்கினன்."

அவன் நாயின் கழுத்தை நீவினான். "ஒரு துண்டு எழுதி வச்சிருக்கலாமே அக்கா" என்றான். அவன் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது வாடி கழற்றும் நாட்களில் நாய் தனியே படுத்திருந்தால் மூன்று நாள் காத்திருக்கிறோம். போய்ச் சோறு வைத்துவிட்டு வருகிறோம். தூக்கினால் அந்த இடத்தில் கம்பு நட்டு, பலகையில் தொலைபேசி எண் எழுதி வைக்கிறோம். நாய் கேட்டு வருகிறவர்களை நான் இன்னும் சந்தேகிக்கத்தான் செய்கிறேன். அந்தக் குணம் போகாது.

நாயைக் கொடுத்துவிட்டு அன்று திரும்பி வரும் வழியில் உடப்புச் சந்தி கழிந்தது. என் மடியில் வெறும் சாக்கு இருந்தது. அலுமினியச் சட்டியை அப்பா மணலில் இறக்கி வைத்த விதமும், அதற்குள் கல் உருண்ட சத்தமும் மனதுக்குள் வந்துகொண்டே இருந்தன.

"அவர் பொய் சொல்லல்ல" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"ஆரு மிஸ், அந்த மனிசனா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இல்ல. என்ட அப்பா."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.