பிடியரிசியில் பதிந்த கை

சின்னப்பொண்ணு எதையும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டாள். கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டினால்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். கம்பெனியில் தீபாவளிக்கு ஸ்வீட் கொடுத்தபோது, "இன்னாத்துக்கு சார் இந்த வருசம் மட்டும் பெரிய டப்பா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். அடுத்த மாசமே நைட் ஷிப்டைக் கூட்டினார்கள். அன்றிலிருந்து காலனியில் யாருக்கு எது இனாமாக வந்தாலும் முதலில் சின்னப்பொண்ணுவிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துப் போவார்கள்.

புருசன் சாம்சனுக்கு மட்டும் இதில் ஒரு வருத்தம். "என்னைக் கட்டிக்கும்போது மட்டும் எப்டிடி செக் பண்ணாம உட்ட?" என்பான்.

"அதுல ஏமாந்துதான உசாரானேன்" என்பாள்.

சிப்காட்டில் ஒரு பாட்டில் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக ஓடுகிற கண்ணாடி பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க சந்தேகப்படுவதற்குக் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. காலனிக்கு அதே சேவை இலவசம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற அந்தக் காலனிக்கு இனாம் கொடுக்க வந்தவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. ஒருத்தர் தையல் மிஷின்கள் கொண்டுவந்து வைத்தார். மிஷினைவிடப் பெரிய போர்டில் தன் பேரையும் போட்டார். எலெக்ஷனில் தோற்றார். மறுநாள் காலையில் டெம்போ வந்து மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. போர்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டு சின்னப்பொண்ணு கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கினாள். கோழிகள் இன்னமும் அவர் பேருக்குக் கீழேதான் தூங்குகின்றன.

அப்படிப்பட்டவள் மனசார நம்பிய ஒரே இடம், காலனி ஓரத்துப் புறம்போக்கில் இருந்த பிள்ளைகள் ஷெட்.

அம்மாமார் எல்லாம் கம்பெனி வேனில் ஏறிவிட்டால் கைக்குழந்தைகளை எங்கே விடுவது? சின்னப்பொண்ணுவின் மகள் பிரின்சிக்கு அப்போது ஒரு வயசு. பிள்ளைக்காக லீவு போட்டால் காண்ட்ராக்டர் அடுத்த நாள் வேறு ஆளை நிறுத்திவிடுவான். காலனி சர்ச்சைச் சேர்ந்த சபைப் பெண்கள் கூடிப் பேசினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி சபைக் கோயிலுக்குப் போகும். இனிமேல் அது பிள்ளைகளுக்குப் போகட்டும் என்றார்கள். பாஸ்டர் உடனே சரி என்றார். இவர் ஏன் உடனே சரி என்றார் என்று சின்னப்பொண்ணு ஒரு வாரம் யோசித்தாள்.

பட்டணத்து சபை ஒன்று கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தது. "நடத்துறது நீங்க, முடிவெடுக்கறது நீங்க. நாங்க தலையிட மாட்டோம்" என்றார்கள். சின்னப்பொண்ணு ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு தகரத்தையும் தடவிப் பார்த்தாள். எங்கேயும் பேர் இல்லை. இறங்கி வந்தவள், "இருக்கட்டும், வெயில் பட்டா தெரியும்" என்றாள்.

முருகன் கோயில் தெருப் பெண்களும் பிள்ளைகளை ஷெட்டில் விட்டார்கள், அவர்களும் பிடியரிசி கொண்டுவந்தார்கள். அப்போதுதான் சின்னப்பொண்ணு ஒரு சட்டம் போட்டாள். ஒரு உலைக்கு ஒரு பிடி. யாரும் அதற்கு மேல் போடக்கூடாது. போடுகிற எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுப் பாயில் உட்கார்ந்து பேசலாம், பிடி போட்ட எல்லாருக்கும் முடிவு சொல்ல ஒரே மாதிரி ஒரு வாய். மூட்டை போட்டவன் இருந்தால் பிடி போட்டவள் வாயைத் திறப்பாளா?

ஷெட் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமைத்தும் போட்டவள் செல்வி. பிரின்சி அங்கேதான் நடக்கக் கற்றாள், பேசக் கற்றாள், செல்வியைக் கடிக்கவும் கற்றாள்.

இந்த வருசம் கம்பெனிகளில் ஷிப்டைக் குறைத்தார்கள். வீடுகளில் ரெண்டு உலை ஒரு உலையானது. பிடியும் குறைந்தது. வாரம் முழுக்கச் சமைத்தபின், சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் பிடியரிசி சேர்க்கும் டிரம்மில் அடித் தகரம் தெரிய வேண்டும். ஆனால் சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தபோது பாதி டிரம்முக்கு அரிசி இருந்தது.

அரிசி குறைந்திருந்தால்கூட அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். காலனியில் எல்லார் வீட்டிலும் ரேஷன் அரிசி, தடித்தது. இதில் நடுநடுவே மெல்லிசு அரிசி கிடந்தது. புதுசாக அரைத்தது, தவிட்டு வாசம் இன்னும் போகவில்லை.

"செல்வி, இது யாரு போட்டது?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? குறைஞ்சா என்னைக் கேளு. நெறைஞ்சதுக்குமா நான் பதில் சொல்லணும்?"

"நெறைஞ்சாதான்டி பயம்."

அவளுக்குள் தையல் மிஷின் டெம்போ ஓடியது. யாரோ ரகசியமாக அரிசி போடுகிறான். நாளைக்கு வந்து, ‘இத்தனை நாள் உங்க பசங்க சாப்பிட்டது என் சோறு’ என்பான். அப்புறம் பாய் அவனுடையது, ஷெட் அவனுடையது. பிரின்சி எங்கே போவாள்? பிரின்சிக்கு இடமில்லை என்றால் சின்னப்பொண்ணுவுக்கு வேலையும் இல்லை.

செல்வி பிள்ளைகளை அனுப்பப் போன நேரத்தில் டிரம்மில் அரிசியைச் சமமாகத் தடவினாள். நடுவில் வலது கையை விரித்து அழுத்திப் பதித்தாள். வீட்டில் அரிசி திருடு போகிறதா என்று பார்க்க அவள் அம்மா செய்கிற வேலை. யார் கை வைத்தாலும் தடம் கலைந்துவிடும். மூடியைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஆராதனையில் சின்னப்பொண்ணுவின் வாய்தான் பாடியது, மனசு முழுக்க டிரம்மில் இருந்தது. ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக ஷெட்டுக்கு ஓடினாள். கதவுக்குப் பூட்டு கிடையாது, கம்பியை முறுக்கி வைப்பதுதான். மூடியைத் திறந்தாள்.

கைத்தடம் அப்படியே இருந்தது. அரிசி மட்டும் நேற்றைவிட மேலே ஏறியிருந்தது.

குனிந்து பார்த்தாள். பாட்டில் பார்த்துப் பழகின கண். கட்டைவிரல் இருக்கிறது. ஆள்காட்டி விரல் இருக்கிறது. நடுவிரல் இருக்கிறது. அதற்கப்புறம் வெறும் அரிசி.

அந்தக் கை யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஷெட்டை ஒட்டி வயல் வைத்திருக்கிற மணவாளன். நெல் அடிக்கிற மிஷினின் பெல்ட்டில் வலது கையின் ரெண்டு விரலைக் கொடுத்தவர். சின்னப்பொண்ணுவின் அம்மா அந்த வயலில்தான் நாற்று நட்டாள். காலனிக்காரர்கள் நடவை விட்டுவிட்டு சிப்காட்டுக்குப் போனபோது, "கம்பெனிச் சோறு எத்தினி நாளிக்கு?" என்று டீக்கடையில் கேட்டவர் அவர். வயலைக் குடோன்காரனுக்கு விற்கப் போகிறார், லாரி போக ஷெட் இருக்கிற இடத்தைக் கேட்பார் என்று ஒரு பேச்சும் இருந்தது.

சின்னப்பொண்ணு தடத்தைக் கலைத்துவிட்டு மூடியைப் போட்டாள். பாயில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பாதிப் பேர் ‘போடட்டுமே’ என்பார்கள். பசிக்கிற வீட்டில் அது தப்பும் இல்லை. சாயங்காலம் தனியாக வயலுக்குப் போனாள்.

அவள் அம்மா அவரை ‘ஐயா’ என்பாள். சின்னப்பொண்ணு கம்பெனிக்குப் போன நாளிலிருந்து ‘அண்ணே’ என்கிறாள்.

"அண்ணே, கைய காட்டுங்க."

"இன்னா, ஜோசியம் பாக்கப் போறியா?"

"பாத்துட்டேன். ஷெட்டு டிரம்முல அரிசி கொட்ற கைன்னு போட்டிருக்குது."

மணவாளன் வரப்பைப் பார்த்தார். "செல்விய ஒண்ணும் சொல்லாத. அதுக்கு எதுவும் தெரியாது. நீங்கள்லாம் கோயில்ல இருக்கறப்போ வந்துட்டுப் போயிடுவேன்."

"தடம் எதுக்கு வெச்சீங்க?"

"கொட்டறதுக்கு மின்ன பாக்கலம்மா. கொட்டிக்கினு இருக்கும்போதுதான் மூடாம மிச்சமிருந்த ரெண்டு விரல் தடம் தெரிஞ்சுது. களத்துல நெல்லுக்கு நாங்களும் குறி வெப்போமே, புரிஞ்சி போச்சு. அழிஞ்சி கெடந்தா செல்விதான் திருடுச்சின்னு சொல்லுவீங்க. அதான் பழையபடி ஒண்ணு வெச்சுட்டு வந்தேன்."

சின்னப்பொண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பேரம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"வெச்சதுதான் வெச்சீங்க. இடது கைய வெச்சிருந்தா அஞ்சு விரலும் விழுந்திருக்கும். நான் ஏமாந்தாலும் ஏமாந்திருப்பேன்."

கெட்ட வார்த்தை கேட்டவர் போல முகம் சுளித்தார் மணவாளன். "சாமிக்குன்னு எடுத்த அரிசிம்மா. கொழந்தைங்க வாயில போறது. அதுல எப்டி இடது கைய வெக்கிறது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏமாற்ற வந்தவன் இடது கையைத்தான் வைத்திருப்பான். எந்தப் பக்கம் திருப்பினாலும் கீறல் கிடைக்கவில்லை. கீறல் கிடைக்காத பாட்டிலைத்தான் அவள் இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பாள்.

"எந்த சாமி?"

"திருவள்ளூரு வீரராகவப் பெருமாள். கை மாட்னப்போ வேண்டிக்கினேன். மிச்ச விரலக் காப்பாத்து, வருசா வருசம் வெளையறதுல பசிக்கிறவனுக்குப் போடறேன்னு. அமாவாசைக்கு அங்க போயி சோறு போட்டேன். கார்ல வந்தவன்தான் வரிசையில மின்னாடி நின்னான். ரெண்டு வாட்டி வாங்கினான். திரும்பி வந்து பாத்தா, என் வயலோரத்துலயே பசங்க தட்ட வெச்சிக்கினு உக்காந்திருக்குது."

"நேரா வந்து குடுக்கறதுதான?"

"நான் மூட்டையோட வந்திருந்தா நீ இன்னா கேட்டிருப்ப?"

"இன்னாத்துக்குன்னு கேட்டிருப்பேன்."

"அதான். எங்க தெருவுலயும் அதத்தான் கேப்பாங்க. சபைக்கு அரிசி போட்றியா, மதம் மாறிட்டியான்னு."

"நெலத்த விக்கப் போறீங்களாமே? லாரிக்கு வழி கேப்பீங்களாமே?"

அவர் மூன்று விரலால் நாற்றங்காலைக் காட்டினார். "விக்கிறவன் நாத்து உடுவானா?"

நாற்று விட்டுவிட்டு விற்றவனையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம பாய்க்கு வாங்க. எல்லாரும் பாக்க ஒரு பிடி போடுங்க. இனிமே மூட்டை கீட்டை கெடையாது."

"கோயிலுக்குள்ள நான் வர மாட்டேன்."

"கோயிலுக்கு யாரு கூப்ட்டா? ஷெட்டுக்கு வாங்க."

வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவர் போல வாசலில் நின்றார். பாயில் சலசலப்பு. சின்னப்பொண்ணு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "இவருக்கும் போர்டு வெக்கணுமா?" என்று ஒருத்தி குத்தினாள்.

"என் பேரப் போட்டா எங்க தெருவுல என்னை உதைப்பாங்கம்மா" என்றார் மணவாளன். சிரிப்பு கிளம்பியது. கொட்டின அரிசி பிள்ளைகளுக்கே இருக்கட்டும், அதற்காக அவருக்கு ஒரு உரிமையும் கிடையாது என்று பாய் முடிவு பண்ணியது. அவரும் தலையாட்டினார்.

பையிலிருந்து ஒரு பிடி அள்ளினார். ரெண்டு விரல் இல்லாத பக்கமாக அரிசி பொலபொலவென்று ஒழுகிப் பாயில் கொட்டியது. டிரம்முக்குப் போய்ச் சேர்ந்தது பாதிதான்.

"இது பிடியே இல்லியே" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

மணவாளன் கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ரெண்டு வாட்டி போடட்டும்" என்றாள் சின்னப்பொண்ணு. "பிடி ரெண்டு. வாய் ஒண்ணுதான், சொல்லிட்டேன்."

அவர் ரெண்டாவது பிடியைப் போட்டார். பாயில் சிந்தினதை அவள் ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்து, தூசியை ஊதி, டிரம்மில் போட்டாள்.

அதோடு சந்தேகம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் யாருக்கும் தெரியாமல் டிரம்மில் கை பதித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஓடிவந்து திறந்தபோது அஞ்சு விரலும் அஞ்சாகவே இருந்தன. ரகசியமாக யாரும் வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பாய் விரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தராகப் பிடி போட்டு உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் வாசலை மறைத்துக்கொண்டு, வரப்பையே பார்த்தபடி நின்றாள்.

"யாரக்கா பாக்கற?" என்றாள் செல்வி.

"அந்தாளு இன்னும் காணோமே. லேட்டா வந்தா வாய் கெடையாதுன்னு சொல்லிவை."

சொல்லிவிட்டு, பாயில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிரின்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.