ரீட்டாவுக்கு நான் போட்ட ஒன்று

எனக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தவளின் வேலைக்கு நானே உலை வைத்தேன். ஆம், நானேதான்! திருக்காட்டுப்பள்ளியில் உரக்கடை வைத்திருக்கும் சகாயமேரி. வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மகளைத் தஞ்சாவூரில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தோம். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார். நான் மண்டையை ஆட்டுவேன்.

"அடுத்த தடவ அப்பாவ வரச் சொல்லும்மா" என்றாள் மகள்.

சுருக்கென்றது... பேசிக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வகுப்புக்குப் போக வெட்கம். அந்த நேரம் பார்த்து வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் பழுதானது. கம்பெனிக்குப் போன் போட்டு, துணிந்து இங்கிலீஷுக்கான எண்ணை அழுத்தினேன். எடுத்தவள் ரீட்டா. சின்ன கம்பெனி, இங்கிலீஷுக்கு அவள் ஒருத்திதான். நான் தட்டுத்தடுமாறினாலும் சிரிக்கமாட்டாள். "ஸ்லோலி மேடம், நோ ஹரி" என்பாள்.

ஃபில்டர் சரியான பிறகும் விட்டேனா? நடவு முடிந்து கடையில் ஈ ஓட்டிய மத்தியானங்களில் புதுப்புதுப் புகாராகத் தயாரித்தேன். தண்ணீர் தானாகச் சுடுகிறது, பூனை குழாயைக் கடித்துவிட்டது... எங்கள் வீட்டில் பூனையே கிடையாது! அவளுக்கும் விஷயம் புரிந்ததோ என்னவோ, நான் தப்பாகச் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லுவாள். எந்தப் பேச்சையும் தேங்க் யூ சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்பாள்.

பேசி முடித்ததும் ஓர் இயந்திரக் குரல் வரும். பேசியவரின் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை வகுப்பில் ஒன்றாவதாக வந்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிற ஊர் இது. என் ரீட்டாவுக்கு எப்போதும் ஒன்றுதான்! மனசார அழுத்தினேன்.

அடுத்த கூட்டத்தில் நான் பேசினேன், டீச்சர் மண்டையை ஆட்டினார்! மகள் பஸ் ஏறும்வரை என் கையை விடவில்லை. ரீட்டாவிடம் சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு வந்த கையோடு போன் போட்டேன்.

எடுத்தது ஓர் ஆண் குரல். இங்கிலீஷில் மளமளவென்று சொன்னார். ரீட்டாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். நான் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைப் போட்டதைக் கவனித்தார்களாம். இனி அவளால் எனக்குத் தொந்தரவு இருக்காதாம்.

நீங்களே சொல்லுங்கள், இதில் ஒரு சொல்லாவது எனக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாதா? அத்தனையும் புரிந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லவும் இங்கிலீஷ் இருந்தது... தைரியம்தான் வரவில்லை.

"தேங்க் யூ சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.