‘கெட்’ என்ற சொல்லுக்கு நான் ஒப்பித்த அர்த்தங்கள்

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் ஒரே கிறுக்கு. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமாம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான், அவன் நாற்காலியில் இங்கிலீஷ் தெரிந்தவன்தான் போய் உட்காருவான் என்று பேச்சு. நானோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, டவுனில் மளிகைக் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தவன். நான் ஆசைப்பட்ட பெண்ணின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அந்தக் கிறுக்கு அவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

பொட்டலம் மடிக்க எங்கள் கடையில் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவோம். அதில் ஓர் அகராதி வந்தது. அது என்ன அகராதி என்று சொல்லும் முன்பக்கங்கள் சீரகத்தோடு போய்விட்டன. மீதியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், கடை பில்களில் பழகிய அரைகுறை எழுத்தை வைத்து எழுத்துக் கூட்டினேன். ‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கே அரைப் பக்கம் அர்த்தம். ஒன்றைப் பெற்றால் ஒப்டெனர், கடிதம் வந்தால் ரெசிபிர், ஊர் போய்ச் சேர்ந்தால் லெகர், புரிந்துகொண்டால் என்டென்டர். துரைமார் தங்களுக்குள் பேசும் உயர்ந்த இங்கிலீஷ் இதுதான் போலிருக்கிறது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. நானும் மாங்கு மாங்கென்று மனப்பாடம் செய்தேன்.

சித்தப்பாவோடு தாம்பூலத் தட்டு எடுத்துக்கொண்டு பெண் கேட்கப் போனேன். அங்கே பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறையாக மலாக்காவில் ஊறிப்போய் வீட்டில் மலாய் பேசுகிறவர், ஆபீசில் இங்கிலீஷ் எழுதுகிற குமாஸ்தா.

“எங்க தம்பி, இங்கிலீஷ்ல கொஞ்சம் எடுத்து விடுங்க பாப்போம்” என்றார் பெண்ணின் அப்பா.

‘கெட்’டை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். “அடேயப்பா!” என்று அவர் வாயைப் பிளந்தார்.

செட்டி விழுந்து விழுந்து சிரித்தார். இது இங்கிலீஷே இல்லை, ஸ்பெயின்காரன் பேச்சு, நம்ம ஊர்ப் போர்த்துகீசியர் பேசுவதுகூட இப்படித்தான் இருக்கும் என்று மலாயில் போட்டு உடைத்தார்.

“அப்ப இங்கிலீஷ்?” என்று பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் இதுதாங்க” என்றேன். என் வாயை யாராவது தைத்திருக்கக் கூடாதா!

அவர் எங்கள் தட்டை எங்கள் பக்கமே நகர்த்தினார். அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் எனக்கு இல்லை என்ற துக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

“கொஞ்சம் நில்லுங்க” என்று அவள் உள்ளேயிருந்து வந்தாள். “கடைக்கு எத்தன தடவ வந்திருப்பேன்! ‘வேற என்னா வேணும்’ங்கறதத் தவிர ஒரு வார்த்த பேசியிருக்கீங்களா? அப்பாவுக்கு எந்தப் பாசையிலயோ பாடம் ஒப்பிக்கிறீங்க. கட்டிக்கச் சம்மதமான்னு எங்கிட்டக் கேக்கத் தமிழ் கூடவா தெரியாது?”

கேட்டேன். அந்த நாலு வார்த்தைத் தமிழும் உளறலாகத்தான் வந்தது.

“சம்மதம்” என்றாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.