சூடாகாத வயர்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில், எஞ்சின் வெளியே தெரியும் பழைய ஹாட் ராட் கார் ஒன்றுக்கு, அந்தக் கராஜை வாடகைக்கு எடுத்திருந்த அண்ணை ஒருவர் புது வயரிங் ஹார்னெஸ் என்னும் வயர்க்கட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியில் கட்டிய டோர்ச், ஓரிடத்தில் நிற்காத கால்கள். ஒரு வயரை இணைத்தால் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்துவிட்டு வந்து மறுபடியும் இழுப்பார். முதல் ஓட்டத்துக்கென்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அவை காய்ந்துபோக, வெள்ளிக்கிழமைதோறும் புதிது வைப்பார். கார் மட்டும் அசையவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பழங்கள் நசுங்கிக் கிடந்தன. காரோ பழைய இடத்திலேயே நின்றது. அவர் டாஷ்போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஓடேல்லையோ அண்ணை?”

“ஓடினது. ஹரோ வரைக்கும் போயிட்டு வந்தனான். லைற், ஹோர்ன் எல்லாம் திறம்.”

“பிறகேன் கழட்டுறியள்?”

அவர் நிமிராமலே சொன்னார். “ஒரு வயரும் சூடாகேல்லை. ஒரு பியூஸும் போகேல்லை. அதுதான் ஐமிச்சமாக் கிடக்கு, எங்கையோ பிழை ஒளிச்சிருக்கு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பிள்ளைகள் நேரத்துக்கு வீடு வந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிற பின்னேரங்களில், நான் எழுந்துபோய் முன்கதவை இழுத்துப் பார்க்கிறேன். நாலடி நடந்துவிட்டு வந்து, மறுபடியும் இழுக்கிறேன்.