திரி வச்ச மூட்டை

அவளுக்கு ஊமச்சின்னு பேர் வச்சது நான்தான். வேலைக்கு வந்த புதுசுல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும்ங்கிற மாதிரி இருப்பா. நான் அதுக்கு நேர் எதிர். சலவை மெஷின் எல்லாம் ஒண்ணா ஓடினாலும் அதுக்கு மேல என் சத்தம் கேக்கும்னு சொல்வாங்க. அப்படிப்பட்ட நானே இப்ப அவளப் பத்திப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கிறேன். பயம்னே வச்சுக்கோங்க, எனக்கொண்ணும் வெக்கம் இல்ல.

எங்க வேலை ஆஸ்பத்திரிக்கு அடியில, நிலத்துக்குக் கீழ. சன்னல் கிடையாது. சுவத்துல ஒரு அகலமான தகரக் குழாய் எல்லா மாடிக்கும் போகும். மேல வார்டுல அழுக்குத் துணியெல்லாம் ஒரு விரிப்புல போட்டு மூட்டை கட்டி அதுக்குள்ள தள்ளி விடுவாங்க. அது தடதடன்னு சரிஞ்சு வந்து எங்க தொட்டியில பொத்துன்னு விழும். யார் தள்ளினது, எந்த மாடின்னு கீழ இருக்கிற எங்களுக்குத் தெரியாது. மேல இருக்கிறவங்களுக்கும் எங்க மூஞ்சி தெரியாது. விழுந்த மூட்டையப் பிரிக்கிறது என் வேலை. துவைச்சுக் காஞ்சதை மடிச்சு, புது மூட்டை கட்டி மேல அனுப்புறது அவ வேலை.

எங்க சூப்பர்வைசர் வெளுத்த ஆள். அவளக் கூப்பிட என் பேரைச் சொல்வான், என்னைத் திட்ட அவ பேரைச் சொல்வான். நான் கருப்பு, அவளும் கருப்பு, அதோட அவன் கண்ணுக்கு வேலை முடிஞ்சுது. சொல்லப் போனா நானும் அப்படித்தான் இருந்தேன். அவ வேற நாட்டுலேர்ந்து ஓடி வந்தவ. இருந்தா என்ன, கருப்பா இருக்கிறவ நம்மாளு, அதுக்கு மேல ஆராயுறதுக்கு என்ன இருக்குன்னு நினைச்சேன். இந்த ஊர்ல வெளுத்தவங்களுக்கும் எங்களுக்கும் சண்டைன்னு வந்தா அவ்வளவுதான் கணக்கு. நீ தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்து வரும்போதே நீ எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவகிட்ட கேட்டேன். "உங்க நாட்டுல எல்லாரும் ஒரே நிறம், ஒரே பேச்சு, ஒரே சாமின்னு சொல்றியே. அப்புறம் யார் யாரை அடிச்சீங்க? சீட்டுக் குலுக்கிப் போட்டா?"

அவ சிரிக்கல. பக்கத்துல கிடந்த தலையணை உறைய எடுத்து, கொஞ்சம் பஞ்சை வச்சுக் கட்டினா. "நாங்க இப்படிக் கட்டுவோம் அக்கா." முடிச்சுல மிச்சம் வர்ற முனை ரெண்டையும் உள்ள சொருகிட்டா, வெளிய ஒண்ணும் தெரியல. அதைப் பிரிச்சுட்டு மறுபடி கட்டினா. இந்தத் தடவை முனை ரெண்டையும் சேத்து முறுக்கி நிமித்தி விட்டா. விளக்குத் திரி மாதிரி நின்னுச்சு. "அவங்க இப்படிக் கட்டுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கலவரம் வந்தப்ப ரோட்டை மறிச்சு ஆளுங்க நின்னாங்களாம். போறவங்க கையில ஒரு துணியக் கொடுத்து 'கட்டு'ன்னு சொல்வாங்களாம். யோசிச்சுக் கட்ட முடியாது, கை பாட்டுக்குத் தன் வழக்கத்துக்குப் போகும். இவ அண்ணன் சின்ன வயசுலேர்ந்து அந்தப் பக்கத்து ஆளோட ஜவுளிக்கடையில வேலை பாத்தவன். அவன் கை முறுக்கிடுச்சு. மறிச்சு நின்னது இவங்க பக்கத்து ஆளுங்கதான். நான் உங்காளுதான்னு அவன் கத்திக்கிட்டே இருந்தானாம், யாரும் காதுல போட்டுக்கல. அவனை ஓரமா நிறுத்திட்டு, பின்னாடி நின்ன இவ கையில அதே துணியக் கொடுத்தாங்க. இவ சரியாக் கட்டினா. போன்னு விட்டாங்க. போயிட்டா.

என் டீ அப்படியே ஆறிக் கிடந்துச்சு. அவ மட்டும் டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, "இந்த ஊர் பரவால்ல அக்கா"ன்னா. "இங்க யாரும் நம்மளக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. பாத்தாலே தெரியுது. ஒளியவே முடியாதுன்னா அப்புறம் என்ன பயம்? அங்க ஒளியலாம். அதனாலதான் எல்லாரும் எல்லாரையும் தேடினாங்க."

போன வாரம்தான் என் தங்கச்சி வீட்டுக் கண்ணாடிய எவனோ செங்கல்லால அடிச்சிருந்தான். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "எங்க ஊர் செங்கல்லு உனக்குப் பூவாத் தெரியுதா?"ன்னு கேட்டேன். அவ அடுத்த விரிப்பை மடிக்கப் போயிட்டா.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல அந்த மூட்டை வந்துச்சு. தொட்டியில விழுந்ததை நான் இழுத்துப் போட்டேன். மேல முடிச்சுல ஒரு திரி நட்டுக்குத்தலா நின்னுச்சு. மத்த மூட்டையெல்லாம் இஷ்டத்துக்கு அள்ளி முடிஞ்சிருக்கும், எந்த லட்சணமும் இருக்காது. இது அழகா, அளவா இருந்துச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஊமச்சி பாத்துட்டா. பேயறைஞ்ச மாதிரி நின்னா. கையில இருந்த விரிப்பு நழுவித் தரையில விழுந்தது அவளுக்குத் தெரியல.

மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாள் வரல, அன்னிக்கு அவ இன்னும் மோசமா இருந்தா. குழாய்ல தடதடன்னு சத்தம் கேட்டாலே சுவத்தோட ஒட்டிக்குவா. மூட்டை விழாத நேரத்துல குழாய் வாயில காதை வச்சுக் கேப்பா. "என்னடி கேக்குது?"ன்னா, "மேல யாரோ நின்னு கேக்குறாங்க அக்கா"ம்பா. நான் கிண்டல் பண்ணினேன். அப்புறம் ஒரு நாள் அவ கழிப்பறைக்குப் போயிருந்தப்ப நானும் காதை வச்சேன். வெறும் காத்துதான். ஆனா சட்டுன்னு காதை எடுத்துட்டேன்.

மேல போய் விசாரிச்சேன். துணி கட்டுறதெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க, இன்னிக்கு இந்த வார்டு, நாளைக்கு அந்த வார்டு. எந்த நர்ஸுக்கும் ஒண்ணும் தெரியல. மூட்டை எப்படிக் கட்டியிருந்தா உனக்கென்னன்னு ஒருத்தி கேட்டா. நியாயமான கேள்விதான்.

ஊமச்சி ஊரை விட்டுப் போறதுன்னே முடிவு பண்ணிட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கல. அவ பொண்ணு அந்த வருஷம்தான் நர்ஸ் படிப்புல சேந்திருந்தா. ஏற்கெனவே ரெண்டு ஊர்ல பாதில விட்ட பொண்ணு. "இன்னொரு தடவை ஓடினா நான் உன் கூட வர மாட்டேன்மா"ன்னு அது முகத்துக்கு நேரா சொல்லிடுச்சு. ஓடினா பொண்ணு போயிடும், இருந்தா மேல இருக்கிறவன் ஒரு நாள் இறங்கி வந்துடுவான்னு இவ கிடந்து தவிச்சா.

"அறிவிருக்கா உனக்கு? அவனும் உன்னை மாதிரி பிழைக்க வந்தவனா இருப்பான்"னேன்.

"இருக்கலாம் அக்கா."

"உங்கண்ணனா இருந்தா? அவன்தானே முறுக்கிக் கட்டுறவன். செத்ததை நீ பாக்கலையே."

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "அது இதை விட மோசம்"னா. அதுக்கப்புறம் அண்ணன் பேச்சை நான் எடுக்கவே இல்ல.

அந்த வாரம் ஊருக்குள்ள பத்திக்கிச்சு. எங்காளு ஒரு பையனை வெளுத்த பசங்க அடிச்சே கொன்னுட்டாங்க. எங்க பக்கம் ஊர்வலம் போச்சு, அவங்க பக்கம் கம்பியோட வந்தாங்க. நடுப்பகல். ஆஸ்பத்திரி முன்வாசலைப் பூட்டிட்டாங்க. நாங்க கீழ மாட்டிக்கிட்டோம். எங்க அறைக்குப் பின்னால, ரோட்டுலேர்ந்து சரிவா இறங்குற சந்துல, வண்டி வந்து சாமான் இறக்குற இரும்புக்கதவு ஒண்ணு உண்டு. கதவுல ஆள் முகம் தெரியுற அளவுக்கு மட்டும் ஒரு கம்பி போட்ட திறப்பு. ஊமச்சி அந்தக் கதவுகிட்ட நின்னா, நான் மெஷினை நிறுத்திட்டிருந்தேன். எல்லா மெஷினும் ஓஞ்சப்ப அந்த அறை அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல.

கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு.

ஒரு பெரியவர். வார்டு ஆளுங்க போடுற நீலச் சட்டை. எங்களாட்டம் கருப்பு. நெத்தியில அடி, ரத்தம் கண்ணுக்குள்ள இறங்கிட்டிருக்கு. "வேலைக்கு வந்தேன், முன்னால பூட்டிட்டாங்க. திறம்மா, பின்னாடியே வர்றாங்க"ன்னார்.

"இருங்க"ன்னா ஊமச்சி. அந்த ஒரு வார்த்தையிலயே அவர் நிமிந்து பாத்தார். அடிபட்ட மூஞ்சியில ஒரு சிரிப்பு. "பேச்சு நம்மூர்ப் பேச்சு மாதிரில்ல இருக்கு? நம்மூராம்மா நீ?"

அவ கை தாழ்ப்பாள் மேல இருந்துச்சு. எடுத்துட்டா. பக்கத்து மேசையில கிடந்த தலையணை உறைய எடுத்து, கம்பி வழியா வெளிய நீட்டினா.

"கட்டுங்க."

எனக்கு ஒரு நொடி ஒண்ணும் விளங்கல. காயத்துக்குக் கட்டச் சொல்றாள்னு நினைச்சேன். அவரும் அப்படித்தான் நினைச்சு வாங்கியிருப்பார். ரெண்டு முனையப் பிடிச்சு ஒரு முடிச்சுப் போட்டார், கை தன்னால முறுக்க ஆரம்பிச்சுது. அப்பதான் அவ கண்ணு எங்க இருக்குன்னு பாத்தார். அவ அவரைப் பாக்கல, அவர் விரலைப் பாத்துக்கிட்டிருந்தா.

அவர் கை நின்னுச்சு.

"இங்கயுமா?"ன்னார். கோவமா இல்ல, கெஞ்சலாவும் இல்ல. வழி கேக்குற மாதிரி கேட்டார்.

துணியக் கீழ போட்டார். திரும்பினார். சந்து முனையில கூச்சல் கேக்குது, கம்பி தரையில இழுபடுற சத்தம் கேக்குது. அந்தப் பக்கமே நடந்தார். அவருக்கு இவளை விட அவனுங்க மேலாத் தெரிஞ்சிருக்கு.

நான் ஓடிப் போய் அவளத் தள்ளிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கிறதுக்குள்ள சந்துல ஆள் இல்ல. தரையில அந்த உறை கிடந்துச்சு. முறுக்கின முனை தானா, மெதுவா, பிரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கூச்சல் பக்கத்துல வந்துச்சு, நான் கதவைச் சாத்திட்டேன். அதுவும் சொல்லணும்ல, நானும் சாத்தினேன்.

உள்ள வந்து அவளை ஓங்கி ஒரு அறை விட்டேன். அவ கன்னத்தைக்கூடத் தடவல.

"முறுக்கினாருல்ல அக்கா? நீங்களும் பாத்தீங்கல்ல?"ன்னா.

பெரியவர் சாகல. போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைச்சதும் முன்வாசல் வழியாத் தூக்கிட்டு வந்திருக்காங்க. ஊர் அடங்கினப்புறம் மேல போய்ப் பாத்தேன். தலையில கட்டு, ஒரு கையில மாவுக்கட்டு. என்னை அடையாளம் கண்டுக்கிட்டார். அவரே பேசட்டும்னு நான் பழத்தை உரிச்சுக் கொடுத்துட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அப்படி உக்காரத் தெரியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

"கீழ அவங்க எத்தனை பேர் இருக்காங்க?"ன்னு கேட்டார்.

"அவ ஒருத்திதான் ஐயா. உங்களுக்குப் பயந்துதான் அப்படிப் பண்ணிட்டா. உங்க மூட்டையப் பாத்துப் பாத்து அவளுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு."

"பொம்பளை ஒருத்தி இருந்தா, புருஷன் இருப்பான், அண்ணன் தம்பி இருப்பான்."

"யாரும் இல்ல. ஒரு பொண்ணு இருக்கு, நர்ஸுக்குப் படிக்குது."

"எனக்கும் ஒரு பேரன் இருக்கான்மா. ஸ்கூலுக்குப் போறான். சாப்பாட்டுத் துணிய என்னை மாதிரியே கட்டுவான்." பழத்தைத் தட்டுல வச்சார். "தெருவுல அடிச்சவனுங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அது ஆறிடும். இது ஆறாது."

டாக்டர் இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொன்னார். பெரியவர் மறுநாளே பேரனைக் கூட்டிட்டு ஊரை விட்டே போயிட்டார். வார்டு நர்ஸ் வந்து என்கிட்டதான் திட்டிட்டுப் போனா, காலியான கட்டிலை நான்தான் தூக்கிட்டுப் போன மாதிரி.

கீழ வந்தேன். ஊமச்சி விரிப்பு மடிச்சுக்கிட்டிருந்தா. முகம் தெளிஞ்சு, நல்லாத் தூங்கி எழுந்தவ மாதிரி இருந்தா. "உன் பொண்ணு படிக்கட்டும், நீ எங்கயும் ஓட வேண்டாம். அவர் போயிட்டார்"னேன். எரிச்சலாத்தான் சொன்னேன்.

அவ மடிச்சதைக் கீழ வச்சா. "எந்த ஊருக்குன்னு சொன்னாரா அக்கா?"

"சொல்லல"ன்னேன்.

சொன்னார். பேரனுக்குப் புது ஸ்கூல் எங்கன்னுகூடச் சொன்னார். அவ இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா, நடுவுல நடுவுல, சும்மா கேக்குற மாதிரி. நான் மெஷினைப் போட்டு விட்டுடுவேன்.