டயர் கடைக்குப் போன ஃபேக்ஸ்

என் கணவருக்குச் சுங்கைப் பட்டாணி நகர மருத்துவமனையில் மறுநாள் அறுவைச் சிகிச்சை. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பழைய மருத்துவர் எழுதிய அறிக்கையை அங்கே கேட்டார்கள். "வாட்ஸ்அப் வேணாம்மா, ஃபேக்ஸ்தான்" என்றார் தாதி. பீடோங்கில் எங்கள் வீட்டில் ஃபேக்ஸ் இயந்திரம் ஏது? கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினேன். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்ததும் நிம்மதியாகச் சமைக்கப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அழைத்தார். "அக்கா, இது டயர் கடைலா. உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் இங்க வந்திருக்கு. அதுல உங்க நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அழுத்தியிருக்கிறேன்! அவர் அதைக் குப்பையில் போட்டிருந்தால், மருத்துவமனைக்கு அறிக்கை போகாததே எனக்குத் தெரிந்திருக்காது. உடனே சரியான எண்ணுக்கு அனுப்பினேன். கணவர் நலமாக வீடு திரும்பினார்.

இப்போது எதை அனுப்பினாலும், உரியவரை அழைத்து, "தாள்ல யார் பேரு இருக்கு, கொஞ்சம் வாசிங்க" என்று கேட்டுவிடுகிறேன்.